கஜா பணம்: லாரி வேணாம், தென்னம்பிள்ளை போடுவோம்

எல்லாருக்கும் வணக்கம்.

கஜா புயல் அடிச்ச நம்ம ஊருக்கு இன்னொரு லாரி சாமான் அனுப்பலாம்னு சிட்னி அண்ணன் போட்ட மெயிலும், அதுக்கு பணம் சேக்குறேன்னு குவைத் மாப்ள போட்ட பதிலும் படிச்சேன். ரெண்டு பேரு மனசும் நல்ல மனசுதான், ஆனா நான் ஊருக்குப் போயிட்டு இப்பதான் சிங்கப்பூர் வந்து சேந்திருக்கேன், கண்ணால பாத்தத வச்சு சொல்றேன், அரிசி போர்வை பாய்னு இன்னொரு லாரி இனிமே வேணாம். மொத வாரத்துல அது உசிரு காத்துச்சு, இல்லங்கல. அப்பவும் ஈசிஆர் ஓரத்து ஊருக்கெல்லாம் பிரெட்டும் பெட்ஷீட்டும் மாறி மாறி வந்துச்சு, ரோட்டுல மரம் கெடந்ததால நம்ம மாதிரி உள்ள இருக்குற ஊருக்கு எதுவும் வரல, அதுக்கப்புறம் வந்தப்ப பழைய துணி மூட்டையா வந்து பள்ளிக்கூட வராண்டாவுல குமிஞ்சு கெடக்கு, யாரும் தொடல. கவர்மெண்ட் குடுத்த 27 சாமான் பெட்டியும் வந்துடுச்சு. சோத்துக்கு இன்னைக்கு கஷ்டம் இல்ல, அடுத்த ஆறேழு வருஷத்துக்குதான் கஷ்டம், அதத்தான் நாம பேசணும்.

போகாதவங்களுக்காக சொல்றேன். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரைய கடந்து அப்படியே மேக்க வந்திருக்கு. மொதல்ல வடக்க இருந்து அடிச்சு, கொஞ்ச நேரம் அடங்கி, முடிஞ்சுதுன்னு ஆளுங்க கதவ தொறக்குற நேரம் பாத்து தெக்க இருந்து திருப்பி அடிச்சிருக்கு. வேரு ஆடிப்போன தென்னை மரமெல்லாம் அந்த ரெண்டாவது காத்துலதான் போச்சு. 1952 புயல பாத்த எங்க அப்பத்தாவே இது மாதிரி இல்லன்னுது. பட்டுக்கோட்டையில இருந்து பேராவூரணி போற வழியில ரெண்டு பக்கமும் வானம் தெரியுது, நம்ம பக்கம் ரோட்டுல போனா வானம் என்னைக்கு தெரிஞ்சிருக்கு சொல்லுங்க.

இப்ப நிவாரணக் கணக்கு. விழுந்த தென்னை மரத்துக்கு 600, அத வெட்டி அகத்த 500, ஆக 1100 ரூபா. ஏக்கருக்கு எழுவது மரம்னு வச்சா 77 ஆயிரம். நல்லா பாத்துக்கிட்ட நெட்டை ரகத் தென்னை மரம் வருஷத்துக்கு நூறு காய் குடுக்கும், அம்பது அறுவது வருஷம் குடுக்கும், அதுக்கு 600 ரூபா. அதுவும் பட்டா யாரு பேருல இருக்கோ அவங்களுக்குத்தான். நம்மள்ல பாதி பேரு பட்டாவ வச்சுக்கிட்டு துபாய்லயும் கோலாலம்பூர்லயும் உக்காந்திருக்கோம், தோப்ப குத்தகைக்கு எடுத்து தண்ணி பாச்சி உரம் வச்சு பாத்தது வேற ஆளு. அந்த ஆளுக்கு ஒரு பைசா கெடையாது. கோயில் நிலத்துல வச்சவங்களும் அதே கதிதான். யாரையும் குத்திக் காட்டலப்பா, ஆனா நிவாரணம் உங்க அக்கவுண்டுல விழுந்தா அதுல குத்தகைக்காரருக்கு என்ன பங்குன்னு நீங்களே மனசறிஞ்சு பாத்துக்கங்க. காய் பறிக்கிறவங்க, உரிக்கிறவங்க, கீத்து முடையுற பொம்பளைங்க இவங்கள்லாம் எந்த லிஸ்ட்டுலயும் இல்ல. மேலத்தெரு பசங்க பாதிப்பேரு திருப்பூர் பஸ் ஏறிட்டானுங்க.

இன்னொரு வயித்தெரிச்சல். தென்னை வளர்ச்சி வாரியத்துல மரத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு, 2018 கணக்குப்படி பதினாறு வயசுக்கு மேல உள்ள மரத்துக்கு ப்ரீமியம் 14 ரூபா, அதுல விவசாயி கட்டவேண்டியது கால் பங்கு, அதாவது ஒரு டீ காசுக்கும் கம்மி, மரம் போனா 1750 ரூபா. நம்ம ஊர்ல ஒருத்தரும் போடல. சரி விடுங்க, போனது போச்சு, மிச்சம் நிக்கிற மரத்துக்காவது போட வைக்கணும்.

இப்ப நம்ம ஊர்ச் சங்கம் என்ன செய்யலாம்னு என் மனசுல பட்டது. மொத வேலை, கெடக்குற மரத்த அகத்துறது. இது ஏதோ தோப்ப அழகு பண்ற வேலைன்னு நெனைக்காதீங்க. செத்த மரம் மக்க ஆரம்பிச்சா காண்டாமிருக வண்டு அதுலதான் முட்ட வைக்கும், அடுத்த வருஷம் அதே வண்டு நாம வைக்கிற தென்னம்பிள்ளையோட குருத்த குடையும். நிக்கிற மரத்துல காயம் பட்டிருந்தா அந்த வாசத்துக்கு செவப்பு கூன்வண்டு வரும். கீழத்தோப்புல ஒரு மரம், பாக்க பச்சையா நிக்குது, தண்டுல ஒரு ஓட்டை, அதுல இருந்து பழுப்பு கலர்ல சாறு வடிஞ்சு காஞ்சிருக்கு, காத வச்சு கேளுன்னு சித்தப்பா சொன்னாரு, வச்சேன், உள்ள புழு கொறிக்கிற சத்தம் கரகரன்னு கேக்குது. அந்த மரம் தப்பாது. குருத்து முறுக்கி நிக்கிற மரமும் நெறைய, கணக்கெடுக்க வந்தவங்க நிக்கிற மரத்த நல்ல மரம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

அறுக்குற மெஷின் வாடகைக்கு கெடைக்க மாட்டேங்குது, கெடைச்சாலும் கேக்குற கூலிய குத்தகைக்காரரால குடுக்க முடியாது. வியாபாரி வந்து மரத்த சும்மாவே தூக்கிக்கிறேன்னு சொல்றான், செங்கல் சூளைக்குப் போகுது. ஆகவே சங்கம் ரெண்டு மூணு மெஷின் சொந்தமா வாங்கி, நம்ம ஊரு பசங்களுக்கே தினக்கூலி குடுத்து, ஒரு ஏக்கருக்கு கீழ உள்ளவங்க தோப்பயும் குத்தகை தோப்பயும் மொதல்ல அறுத்து முடிக்கணும். தோப்பும் சுத்தமாவும், வேலையில்லாம நிக்கிறவன் வீட்லயும் உலை கொதிக்கும். அடிக்கட்டைய நோண்ட ஜேசிபி எல்லாம் வேணாம், செலவு தாங்காது, புதுப் பிள்ளைக்கு பக்கத்துல தள்ளி குழி எடுத்துக்கலாம்.

ரெண்டாவது வேலை, தென்னம்பிள்ளை. இப்பவே வெளியூர் வேன்ல பிள்ளை வந்து எறங்குது, என்ன தாய் மரம்னு ஒருத்தனுக்கும் தெரியாது, மூணே வருஷத்துல காய்க்கும்னு சொல்லி விக்கிறானுங்க. நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆவும், நல்ல ஒட்டு ரகம்னா நாலு வருஷம், அது வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம் மாதிரி எடத்துல கொஞ்சமாத்தான் கெடைக்கும், இப்ப ஜில்லாவே அங்க போய் நிக்குது. அதனால நாமளே நாத்தங்கால் போடலாம். இந்தக் காத்துலயும் அசையாம நின்ன நல்ல நெட்டை மரம் நம்ம ஊர்லயே இருக்கு, அதுல முத்துன நெத்தா எறக்கி மணல்ல பதிச்சா, அஞ்சு மாசத்துக்குள்ள மொளைக்கிறத மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த தள்ளிடணும், ஒரு வருஷத்துல நடுற பக்குவம் வந்துடும். கன்னு நட்டு காய்க்கிற வரைக்கும் ஊடுபயிரா கடலை, உளுந்து, எள்ளு போட்டுக்கலாம், வெயில்தான் இப்ப தாராளமா விழுதே. அதுக்கு வெத காசு நாம குடுக்கலாம்.

தானே புயல் நெனவிருக்கா, 2011 டிசம்பர் கடைசியில கடலூர அடிச்சது? என்கூட வேலை பாக்குற பண்ருட்டி பக்கத்துக்காரர் ஒருத்தர் சொன்னாரு, பொங்கல் வரைக்கும் எல்லாரும் வந்தாங்க, அப்புறம் முந்திரி திரும்ப காய்க்கிற வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கலன்னு. அதுக்காகத்தான் சொல்றேன், வர்ற பணத்துல பாதிய இப்ப செலவு பண்ணிட்டு மீதிய மூணு வருஷத்துக்கு பிரிச்சு வைப்போம். ஊரு எல்லையில நுழைவாயில் வளைவு கட்ட சேத்த பணமும் பேங்க்ல கெடக்கு, அதையும் இதுல போட்டுடலாம்னு நான் சொல்றேன், வளைவு இல்லாட்டி யாரும் வழி தவறிப் போயிட மாட்டாங்க. கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கங்க. பேனர்ல நம்ம போட்டோவும் வேணாம்.

கடைசியா ஒரு சட்டச் சிக்கல். ஆடிட்டர கேட்டேன். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க தன் சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பினா வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியான்னு குடியுரிமை மாறுனவங்க அனுப்பினா வரும், நம்ம சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குற அனுமதி இல்ல, வாங்கினா ஊர்ல இருக்குற செயலாளர் மாமாதான் மாட்டுவாரு. குடியுரிமை மாறுனவங்க அந்த அனுமதி உள்ள டிரஸ்ட் எதுக்காவது குடுத்து, அந்த டிரஸ்டே இந்த வேலைய செய்யுற மாதிரி பண்ணலாம், எந்த டிரஸ்ட்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், அது வரைக்கும் யாரும் அவசரப்பட்டு போட்டுறாதீங்க. குவைத் மாப்ள, நீ லாரிக்குன்னு வாங்கி வச்சிருக்குற பணத்தையும் அதுவரைக்கும் கையிலயே வையி.

காணும் பொங்கலன்னைக்கு ஊர்ல கூட்டம் போட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் எவ்வளவு முடியும், எந்த நாட்டு பாஸ்போர்ட், தோப்பு குத்தகையில இருக்கா இல்லையா, இந்த மூணையும் எனக்கு தனி மெயில்ல எழுதிடுங்க.