கார்ஸ்ட் பாக்சைட்: ‘கரைகுழிப் பாக்சைட்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாக்சைட் அலுமினியத்தின் தாது. சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து பள்ளங்களும் குகைகளும் உண்டான ‘கார்ஸ்ட்’ நிலத்தில் கிடைக்கும் வகையைக் ‘கார்ஸ்ட் பாக்சைட்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், முந்தைய மடலில் ‘சுண்ணாம்புக்கல் பாக்சைட்’ என்ற சொல்லே போதும் என்றிருந்தீர்கள். சொல் எளிதுதான். ஆனால் அதைப் படிக்கும் மாணவர், சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிறந்த பாக்சைட் என்றே பொருள் கொள்வார். அது அப்படித்தான் பிறந்ததா என்பதுதான் இந்தத் துறையின் நெடுநாள் வழக்கு. தீராத வழக்குக்குக் கலைச்சொல் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

ஏற்காட்டுப் பாக்சைட்டில் இந்தச் சிக்கல் இல்லை. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து, சிலிக்காவை மழைநீர் கரைத்துக்கொண்டுபோக, அலுமினியமும் இரும்பும் தங்கின. தாய்ப்பாறை காலடியிலேயே கிடக்கிறது.

ஜமைக்காவுக்கு வாருங்கள். அங்கே வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லின் பள்ளங்களில் செம்மண் போலப் பாக்சைட் நிறைந்திருக்கிறது. அந்தக் கல் மிகத் தூய்மையானது. பல இடங்களில் அமிலத்தில் கரைத்தால் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த மிச்சத்திலிருந்தே ஒரு மீட்டர் பாக்சைட் சேர வேண்டுமானால் நூறு மீட்டர் அளவுக்குப் பாறை கரைந்திருக்க வேண்டும். அதனால்தான் மயோசீன் என்னும் பழைய புவிக்காலத்தில் விழுந்த எரிமலைச் சாம்பலே மூலம் என்று பலர் வாதிடுகிறார்கள். கிரீசின் பர்னாசோஸ்–கியோனா மலைகளில் கதை வேறு. அங்கே பாக்சைட்டில் நிக்கலும் குரோமியமும் தூக்கலாக இருக்கின்றன. இவை சுண்ணாம்புக்கல் தரக்கூடியவை அல்ல. பழைய கடலடிப் பாறைகள் சிதைந்து அடித்துவரப்பட்டதைக் காட்டுகின்றன. டைட்டேனியம், சிர்கோனியம், தோரியம் போன்றவை எளிதில் இடம்பெயராதவை என்பதால், அவற்றின் விகிதங்களைப் பார்த்துத்தான் மூலத்தைத் தேடுகிறார்கள்.

அப்படியானால் சுண்ணாம்புக்கல்லுக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. முதலில், வடிகால். வெடிப்புகள் வழியே நீர் விறுவிறுவென்று இறங்குவதால் சிலிக்கா வெளியேறிவிடுகிறது. அடுத்தது இன்னும் சுவையானது. மேலிருந்து இறங்கும் நீரில் சற்றே அமிலத்தன்மை உண்டு. அது அருமண் தனிமங்களை (லாந்தனம், சீரியம் போன்ற உலோகங்களை) கரைத்துக் கீழே கொண்டுவருகிறது. அடியில் சுண்ணாம்புக்கல்லில் பட்டதும் அமிலம் முறிகிறது. தனிமங்கள் அங்கேயே புளோரோகார்பனேட்டு (புளோரினும் கார்பனேட்டும் சேர்ந்த) கனிமங்களாகப் படிகின்றன. சீரியம் மட்டும் மேலே ஆக்சிசனேற்றம் அடைந்து அங்கேயே தங்கிவிடும். ஆகவே பல படிவுகளில் மேற்பகுதியில் சீரியம் மிகுந்தும், அடியில் மற்ற அருமண்கள் செறிந்தும் இருக்கின்றன. ஒரே குழியின் மாதிரிகளை மேலிருந்து கீழாக அடுக்கிப் பகுத்தாலே இந்த மாற்றம் தெரியும்.

ஆக, சுண்ணாம்புக்கல் இங்கே கொள்கலம். வேதிவினையில் பங்கெடுக்கும் கொள்கலம். தாய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கலைச்சொல்லும் மூலத்தை அல்ல, கிடக்கும் இடத்தைத்தான் சுட்ட வேண்டும். என் பரிந்துரை: கரைகுழிப் பாக்சைட்.

‘கரைகுழி’ வினைத்தொகை. கரைந்த குழி, கரைகின்ற குழி, கரையும் குழி மூன்றும் அதில் அடக்கம். பாக்சைட் சேர்ந்த பிறகும் அடிப்பாறை கரைவது நிற்பதில்லை. படிவு மெல்ல மெல்லக் கீழே அமர்கிறது. முக்காலமும் இதற்குப் பொருந்தும். ‘ஆற்றங்கரைக் குழி’ என்று குழம்பிவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பொருளில் ‘கரைக்குழி’ என்று ஒற்று மிகும்; வினைத்தொகையில் மிகாது. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறும் சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான குழிதான். அதை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் சட்டென்று பிடிபடும்.

சுண்ணாம்புக்கல் நிலத்துக் குழிக்குப் (sinkhole) பாடநூலில் உள்ள ‘உறிஞ்சு துளை’யை நீக்கச் சொல்லவில்லை. நீர் உள்ளே இறங்கும் வாய்க்கு அது நன்றாகப் பொருந்துகிறது. அகன்ற பள்ளமான டோலினுக்குக் ‘கரைகுழி’ இருக்கட்டும். நிலவகைக்கு ‘கார்ஸ்ட்’ அப்படியே தொடரலாம். அது சுலோவேனிய–இத்தாலிய எல்லையில் உள்ள மேட்டுநிலத்தின் பெயர். பாக்சைட்டும் ஊர்ப்பெயர்தான். 1821இல் பிரெஞ்சு நிலவியலாளர் பெர்த்தியே விவரித்த, பிரான்சின் லே போ (Les Baux) ஊர்ப் படிவும் இதே கார்ஸ்ட் வகை என்பதைச் சொல்விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

கிரேக்கப் படிவுகள் பல இடங்களில் அடுக்காகப் பரந்துள்ளன, அவற்றையும் ‘குழி’ என்பது சரியா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. படிவின் மேற்பரப்பு சமமாக இருந்தாலும் அடித்தளம் மேடுபள்ளமாக, கரைந்த பரப்பாகவே இருப்பதால் சரி என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அப்புறம், ஏற்காட்டு வகைக்கு ‘செம்புரைப் பாக்சைட்’ (செம்புரை என்பது laterite) என்று வைத்து இரண்டையும் ஒன்றாகவே சொற்பட்டியலில் ஏற்றலாம்.