790 மார்க் பதிப்பகமும் 640 மார்க் பதிப்பகமும்: யாரு போட்ட கணக்கு இது?

என்எச்44:
நேத்து நம்ம தர்மபுரி–கிருஷ்ணகிரி குழுவுல ஒருத்தர் ஒரு ஒப்பீட்டைப் போட்டு, நாலு பேர் கைதட்டியும் முடிச்சாச்சு. பள்ளிப் பயிற்சி நூல் போடுற ரெண்டு பதிப்பகம். பேர் வேண்டாம், 'அ', 'ஆ'ன்னு வச்சுக்குவோம். வெளியிலிருந்தே அலசி மார்க் போடுற சேவை ஒண்ணுல 'அ' 790, 'ஆ' 640. அதனால நம்ம பள்ளிங்க 'அ'வோட ஆப்பை மட்டும்தான் வாங்கணுமாம். 'ஆ' சைபர் பாதுகாப்புல தேறாத கம்பெனின்னு தீர்ப்பும் எழுதியாச்சு.

அந்தச் சேவை எதைப் பாக்குது? திறந்து கெடக்கிற போர்ட், டிஎல்எஸ் சான்றிதழோட காலாவதித் தேதி, வெப் சர்வர் பதிப்பு எண், டிஎன்எஸ்ல (டொமைனோட பொதுப் பதிவேடு) இருக்கிற எஸ்பிஎஃப் (அந்தப் பேர்ல எந்த சர்வர் மெயில் அனுப்பலாம்ங்கிற பட்டியல்), டிமார்க் (அதுல தேறாத மெயிலை என்ன பண்ணணும்ங்கிற குறிப்பு). 'ஆ'வுக்குப் பெருசா அடி விழுந்தது டிமார்க் பி=நன்னுல. பேக்கப் இருக்கா, ராயல்டி கணக்கை யார் யார் திறக்கலாம், வேலையை விட்டுப் போனவரோட லாகினை மூடினாங்களா, இதெல்லாம் அந்த மார்க்குக்குத் தெரியவே தெரியாது.

சிப்காட்_கேட்2:
ஒப்பீட்டைப் போட்டது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கூச்சப்படாதீங்க.

பி=நன்னை இவ்வளவு லேசா சொல்றீங்களே. "எங்க டொமைன் பேர்ல எவன் மெயில் போட்டாலும் தடுக்காதீங்க, அறிக்கை மட்டும் அனுப்புங்க"ன்னு உலகத்துக்கே எழுதி ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். மே, ஜூன்ல பள்ளி ஆர்டர் நேரத்துல, பதிப்பகத்தோட அசல் முகவரியிலிருந்தே "வங்கிக் கணக்கு மாறிடுச்சு, பாக்கியைப் புதுக் கணக்குல போடுங்க"ன்னு வந்தா நாலு ரோட்டுப் புத்தகக் கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பாரு?

சரி பண்றது பெரிய வித்தையும் இல்ல. பி=நன்ல வச்சு அறிக்கை முகவரி குடுக்கணும். நாலு வாரம் எக்ஸ்எம்எல் அறிக்கையைப் படிச்சா யார் யார் நம்ம பேர்ல அனுப்புறாங்கன்னு பட்டியல் வந்துடும்: பில்லிங், ஆன்லைன் கடை, செய்திமடல். ஒவ்வொண்ணுக்கும் 2048 பிட் டிகிம் சாவி, மெயில்ல டிஜிட்டல் கையெழுத்துப் போட. எஸ்பிஎஃப்ல டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினா பெர்ம்எர்ரர், மொத்த எஸ்பிஎஃப்பும் செல்லாது. அப்புறம் குவாரண்டைன் (ஸ்பாம்ல தள்ளு), அப்புறம் ரிஜெக்ட் (வாங்கவே வாங்காதே). 'ஆ' முதல் படியிலயே உக்காந்திருக்கு. பி=நன்.

காரிமங்கலம்_டிடிபி:
டிமார்க்ல அடிச்சுக்கிறீங்க. பிரஸ்ல தட்டு எடுக்கிற சிடிபி மெஷினுக்கு முன்னாடி ரிப் (பக்கத்தை அச்சுப் புள்ளியா மாத்துற மென்பொருள்) ஓடுற கம்ப்யூட்டர் என்ன நிலைமைல இருக்கும்னு தெரியுமா? பல எடத்துல இன்னும் விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14-ஓட அதுக்கு ஆதரவு முடிஞ்சது. ரிப் மென்பொருள் டாங்கிளோட (செருகினாத்தான் ஓடுற பூட்டு) வந்தது, புது விண்டோஸ்ல டிரைவர் ஏறாது. அதுக்கு ஃபைல் அனுப்பணும்னு ஆபீஸ் நெட்வொர்க் முழுக்க எஸ்எம்பி 1-ஐ (ஃபைல் பகிர்ற பழைய முறை) திறந்து விட்டிருப்பாங்க. 2017 மே மாசம் வானாகிரைங்கிற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குறது) பரவினதே அந்த ஓட்டை வழியாத்தான். பேட்ச் மார்ச்லயே வந்தாச்சு, போட்டவங்கதான் கம்மி.

பேக்கப்னு சொல்ற என்ஏஎஸ்ஸும் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) இஸட் டிரைவா மேப் ஆகியிருக்கும். ரான்சம்வேர் ஏ-லேர்ந்து இஸட் வரைக்கும் போகும்ங்க. இதுல எது உங்க 790-ல தெரியுது?

சிப்காட்_கேட்2:
பேச்சை மாத்தாதீங்க. கேள்வி பி=நன் பத்தி.

தோத்தாபுரி:
கிருஷ்ணகிரிக்காரனுக்குப் புரியற மாதிரி சொல்றேன். மாங்கொட்டை வண்டு உள்ள இருக்கும், தோல்ல ஒரு புள்ளி இருக்காது. தோலைப் பாத்து 790 போடுறாரு கேட் ரெண்டு அண்ணன்.

சிப்காட்_கேட்2:
வியாபாரிங்க தோலைப் பாத்துத்தான் முதல் கழிவு கழிக்கிறாங்க தம்பி. தோலே அழுகியிருந்தா வெட்டிப் பாக்க வேண்டியதில்ல.

என்எச்44:
சரி, பதிப்புத் துறையிலயே என்ன நடந்திருக்குன்னு பாப்போம். 2016 ஆகஸ்ட்லேர்ந்து ஒரு ஆள் ஆசிரியர், ஏஜென்ட், பதிப்பாளர் பேர்ல மெயில் போட்டு, வெளிவராத கையெழுத்துப் பிரதிகளா 1,000-க்கு மேல வாங்கினான். 2022 ஜனவரில நியூயார்க்ல கைதானான், மறு வருஷம் குற்றத்தை ஒத்துக்கிட்டான். ஆளும் பதிப்புத் துறையிலயே வேலை பாத்தவன். செஞ்சது என்ன? 160-க்கு மேல போலி டொமைன் பதிவு பண்ணினான். ஆங்கில 'எம்' வர்ற எடத்துல 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டிப் போட்டா கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். அது அவன் சொந்த டொமைன். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் பாஸ் ஆகும். ரிஜெக்ட் வச்சிருந்த பதிப்பகத்துக்கு என்ன லாபம்?

2022 ஜூன்ல மேக்மில்லன் மேல ரான்சம்வேர். சிஸ்டத்தையெல்லாம் இறக்கிட்டாங்க, ஆர்டர் வாங்கவும் முடியல அனுப்பவும் முடியல. பியர்சன்ல 2018-ல 13,000 பள்ளி, கல்லூரிக் கணக்கு போச்சு. பேட்ச் வந்திருக்குன்னு தெரிஞ்சும் ஆறு மாசம் போடல. அதைவிட மோசம், 2019-ல முதலீட்டாளர் அறிக்கைல "இப்படி நடக்கலாம்"னு, நடக்காத விஷயம் மாதிரி எழுதினாங்க. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2021 ஆகஸ்ட்ல போட்ட அபராதம் 10 லட்சம் டாலர். இதுல எங்கயாவது டிமார்க் வருதா?

சிப்காட்_கேட்2:
நீங்க குடுத்த உதாரணமே எனக்குத்தான் சாட்சி. போலி டொமைனுக்குக் காசு செலவு பண்ணணும், 160 தடவை பதிவு பண்ணணும். பி=நன் இருந்தா அசல் டொமைனே இலவசம். பியர்சன் ஆறு மாசம் பேட்ச் போடலன்னீங்க. வெளியிலிருந்து அலசுற சேவை பேட்ச் எவ்வளவு லேட்டா விழுதுன்னும் பாக்குது. அதுக்கும் மார்க் கழியும்.

இன்னொண்ணு. கார்டு வாங்கி ஆன்லைன்ல புத்தகம் விக்கிறவங்களுக்கு பிசிஐ டிஎஸ்எஸ் 4-ங்கிற கார்டு பாதுகாப்புத் தரத்துல 5.4.1-னு ஒரு விதி இருக்கு, 2025 மார்ச் 31-லேர்ந்து கட்டாயம். ஃபிஷிங் (போலி மெயில் போட்டு ஏமாத்துறது) தடுப்பு. பி=நன் வச்சுக்கிட்டு அந்த வரியில எப்படி டிக் போடுவீங்க?

என்எச்44:
5.4.1-ஐ முழுசாப் படிங்க. நிறுவனத்தோட ஊழியர்களை ஃபிஷிங்ல இருந்து காப்பாத்த வழிமுறை இருக்கணும்ங்கிறதுதான் அது. டிமார்க் விளக்கக் குறிப்புல உதாரணமா வருது, அவ்வளவுதான். கூகுள் 2024 பிப்ரவரில ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்களுக்குப் போட்ட விதியிலகூட பி=நன் போதும்.

ரிஜெக்ட்டுன்னு அவசரப்பட்டா என்ன ஆகும்னு சொல்லவே இல்லையே. ராயல்டி அறிக்கை வேற வெண்டரோட சர்வர்லேர்ந்து போகும், டிகிம் இருக்காது. ரிஜெக்ட் போட்ட அன்னிக்கு எழுத்தாளருக்கு மெயில் போகாது. திரும்பி வர்ற பவுன்ஸ் வெண்டரோட ரிட்டர்ன் பாத் முகவரிக்குப் போகும், பதிப்பகத்துக்குத் தகவலே வராது. ஆய்விதழ் போடுறவங்கன்னா இன்னும் வம்பு: பதிப்பாசிரியரோட பல்கலைக்கழக முகவரியில மதிப்பீட்டு அழைப்பு போகும். ஃப்ரம்ல சொந்த டொமைன், ரிப்ளை டூல பதிப்பாசிரியர்னு மாத்தாம விட்டா, பல்கலைக்கழகம் ரிஜெக்ட் போட்ட அன்னிக்கு மொத்தமும் காலி.

சிப்காட்_கேட்2:
அதைத்தானே நாலு வாரம் அறிக்கை படிங்கன்னேன். வருஷக்கணக்கா பி=நன்ல உக்காந்திருக்கிறது படிக்கிறது இல்ல, தூங்குறது.

பென்னாகரம்_ரோடு:
ரெண்டு பேரும் பள்ளிப் பதிப்பகம்ங்கிறதையே மறந்துட்டீங்க. பிளஸ் டூ கைடோட பின் அட்டைல கியூஆர் கோடு. ஸ்கேன் பண்ணினா பேரு, பள்ளி, போன் நம்பர் கேக்கும். 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலுக்கு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சரிபாக்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேணும். மாணவர் நடவடிக்கையைப் பின்தொடர்றது, குறிவச்சு விளம்பரம் போடுறது ரெண்டும் கூடாது. இதுல தவறினா 200 கோடி வரைக்கும், தகவல் பாதுகாப்புல கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம். விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு. முக்கியமான கடமைங்களுக்கு 18 மாசம் அவகாசம், அதுக்கப்புறம் தகவல் கசிஞ்சா 72 மணி நேரத்துல தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விவரம் குடுக்கணும்.

ரெண்டு கம்பெனி ஆப்பையும் திறந்து, ஒப்புதல் பக்கம் பெற்றோருக்குப் போகுதா, பையனே டிக் போட்டுட்டுப் போறானான்னு யாராவது பாத்தீங்களா?

சிப்காட்_கேட்2:
அவகாசம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. பி=நன் இன்னிக்கு இருக்கு. சைபர் தாக்குதலைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன் போட்ட 2022 ஏப்ரல் 28 உத்தரவுக்கு அவகாசமெல்லாம் முடிஞ்சு போச்சு: தாக்குதல் நடந்தா 6 மணி நேரத்துல தகவல் சொல்லணும், லாக் 180 நாள் வச்சிருக்கணும், கடிகாரம் அரசோட என்ஐசி, என்பிஎல் சர்வர் நேரத்தோட ஒத்துப் போகணும். டிமார்க் அறிக்கையைத் திறக்காதவன் 6 மணி நேரத்துல எதைக் கண்டுபிடிப்பான்?

பென்னாகரம்_ரோடு:
6 மணி நேரம் எப்பத்துலேர்ந்து? கவனிச்சதுலேர்ந்து, இல்ல இன்னொருத்தர் கவனத்துக்குக் கொண்டுவந்ததுலேர்ந்து. கண்டுபிடிக்காதவனுக்குக் கடிகாரமே ஓடாது. ஆடிட் பண்றவருக்கு இது தெரியாதாங்க?

சிப்காட்_கேட்2:
தெரியும். பென்னாகரத்துல பாடம் கேக்க வேண்டிய நிலைமை எனக்கு இல்ல.

தோத்தாபுரி:
வந்துட்டாருய்யா ஓசூரு. சிப்காட் கேட்டைத் தாண்டினா கணினியே கிடையாதுன்னு நினைப்பு. தகவல் பாதுகாப்புத் தரம் ஐஎஸ்ஓ 27001 பத்தின விவாதத்துல 114 கட்டுப்பாடுன்னு அடிச்சுச் சொன்னது யாருண்ணே? 2022 பதிப்புல 93. பழைய சான்றிதழெல்லாம் 2025 அக்டோபர் 31-ஓட செத்துப் போச்சு. அதுக்கு இன்னும் பதில் வரல.

சிப்காட்_கேட்2:
அப்ப 2013 பதிப்பைப் பத்திப் பேசினேன். ஸ்க்ரீன்ஷாட் என்கிட்டயும் இருக்கு. 'அ'கிட்ட 2022 சான்றிதழ் இருக்கு. 'ஆ'கிட்ட அதுவும் இல்ல, பி=நன் மட்டும் இருக்கு.

என்எச்44:
'அ'வோட சான்றிதழ்ல ஸ்கோப் வரி (எந்தப் பிரிவுக்குச் செல்லும்ங்கிறது) படிச்சீங்களா? "சென்னை தலைமை அலுவலகத்தின் மென்பொருள் உருவாக்கப் பிரிவு"ன்னு போட்டிருக்கு. பிரஸ்ஸும் கிடங்கும் அதுல வராது. பக்கம் கட்டுறது வெளியாள், அதுவும் வராது. எந்தக் கட்டுப்பாட்டை விட்டாங்கன்னு, எது எது பொருந்தும்ங்கிற பட்டியலைக் கேட்டு வாங்கினாத்தான் தெரியும்.

அரூர்_யூனிகோடு:
பக்கம் கட்டுறதுன்னதும் ஞாபகம் வந்துச்சு. காரிமங்கலம், பேஜ்மேக்கரை (பக்கம் கட்டுற பழைய மென்பொருள்) விட்டுத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அதுக்கு யூனிகோடே தெரியாது. அந்தப் பழைய ஃபான்ட்டுக்காகத்தானே விண்டோஸ் 7-ஐக் கட்டிக்கிட்டு அழறீங்க. ஓட்டையே அங்கதான்.

காரிமங்கலம்_டிடிபி:
சொல்லுவீங்க. பழைய புத்தக ஃபைல் முழுக்க அந்த ஃபான்ட்ல இருக்கு. மாத்தினா ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடுது. மறுபடி மெய்ப்பு பாக்க யார் காசு குடுப்பா?

அரூர்_யூனிகோடு:
இன்டிசைன்ல எழுத்தைக் கோக்குற பேராகிராஃப் கம்போசரை வேர்ல்ட் ரெடிக்கு (இந்திய மொழி எழுத்தும் தெரிஞ்சது) மாத்தலைன்னா கொம்பு ஓடத்தான் செய்யும். அதைக் கூடப் பாக்காம யூனிகோடு மேல பழி.

காரிமங்கலம்_டிடிபி:
மாத்தியும் ஓடுதுங்க. சந்தா யார் கட்டுறது? கிராக் போட்டாலும் நீங்கதான் திட்டுவீங்க.

சிப்காட்_கேட்2:
ஃபான்ட் சண்டைக்கு வேற த்ரெட் இருக்கு. இப்பதான் டிஎன்எஸ்ல பாத்தேன். 'ஆ' இன்னும் பி=நன்.

என்எச்44:
நல்லது. அதே கையோட 'அ'வையும் பாருங்க. பி=ரிஜெக்ட், பக்கத்துலயே எஸ்பி=நன். அதாவது சப்டொமைன் (மெயின் டொமைனோட கிளைப் பேர்) அத்தனைக்கும் தடை இல்ல. இல்லாத ஒரு சப்டொமைனை நானே இட்டுக்கட்டி, அக்கவுன்ட்ஸ்னு போட்டு மெயில் விடலாம். இதுக்கா 790?

சிப்காட்_கேட்2:
சப்டொமைன்ல அவங்க மெயிலே அனுப்பறதில்ல.

தோத்தாபுரி:
அனுப்பாத எடத்துலதான்ணே அடுத்தவன் அனுப்புவான். அதுக்குத்தான் மெயில் போகாத டொமைனுக்கும் ரிஜெக்ட் போடச் சொல்றது.

சிப்காட்_கேட்2:
எஸ்பி=நன் வேற, பி=நன் வேற. குழப்பாதீங்க. மெயின் டொமைன்ல ரிஜெக்ட் இருக்கிறவனும் எதுவும் இல்லாதவனும் ஒண்ணா?

என்எச்44:
பள்ளிக் கணக்காளர் சப்டொமைனைப் பிரிச்சுப் பாத்தா பணம் போடுவாரு?

சிப்காட்_கேட்2:
அவரு என்ன பாப்பாருங்கிறது பயிற்சி விஷயம், டிஎன்எஸ் விஷயம் இல்ல. 'ஆ'வுக்கு வக்காலத்து வாங்கினது போதும், பி=நன்னுக்குக் காரணம் ஒண்ணு சொல்லுங்க.

என்எச்44:
மேல ராயல்டி மெயில்னு பத்தி பத்தியா எழுதியிருக்கேன். ஏறிப் போய்ப் படிங்க.

காரிமங்கலம்_டிடிபி:
அரூர், வேர்ல்ட் ரெடி எந்தப் பதிப்புலேர்ந்து மெனுவுல வருது? எங்ககிட்ட இருக்கிறதுல அந்த வரியே காணோம்.