ரெண்டு குடும்ப வீட்டைப் புதுப்பிக்கும்போது எங்கே மாட்டுச்சு? பாத்ததை இங்கே போடுங்க

அவிநாசி

மெயினை இறக்கியாச்சு, ப்யூஸ் கேரியரையும் கழட்டி ஜன்னல் மேல வெச்சாச்சு. ஆசாரத்துச் (கூடத்து) செவுத்துல இருந்த மரப் பெட்டியைத் தொறந்து கருப்பு ஒயர் முறுக்கைப் பிரிச்சதும் டெஸ்டர் எரியுதுங்க. கரண்டு வர்ற பேஸ் ஒயர்ல இல்லைங்க, கரண்டு திரும்பிப் போற நியூட்ரல்ல. பக்கத்துப் போர்ஷன் சமையக்கட்டுல குண்டு பல்பை அணைச்சாங்க, டெஸ்டரும் அணைஞ்சுது.

அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு மீட்டரை ரெண்டாக்கின வீடுகள்ல இது இருக்கும். அன்னைக்கு பேஸை மட்டும் பிரிச்சுட்டு நியூட்ரலைப் பழைய முறுக்குலயே உட்டிருப்பாங்க. அந்த வீட்டு பல்புக்குப் போன கரண்டு திரும்பற வழி இந்த வீட்டுப் பெட்டி. முறுக்கைப் பிரிச்சா வழி அடைபட்டு, அந்தப் பக்கத்து நுனியில 230 வோல்ட் நிக்கும். நம்ம மெயின் ஆஃப்ல இருக்குதேன்னு கை வெச்சா உசுருக்கு ஆபத்து.

இன்னொரு அடையாளம்: புதுசா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா விழற சுவிட்ச்) போட்டா நிக்கவே நிக்காது. 70 வாட் ஃபேன் ஒண்ணு 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். அது போறது ஒரு மீட்டர்ல, திரும்பறது இன்னொரு மீட்டர்லன்னா ஆர்சிசிபி அதைக் கசிவுன்னு எடுத்துக்கிட்டு விழுந்துரும். சாமான் மோசம்னு கழட்டி எறிஞ்சுட்டு நேரா இழுத்து உடறாங்க, அதைச் செய்யாதீங்க.

கண்டுபிடிக்கற வழி: ரெண்டு வீட்டு மெயினும் ஆஃப். பக்கத்து வீட்டுல ஆள் இருந்தா அவங்களையும் வெச்சுக்கிட்டே பண்ணோணும். ரெண்டு பக்கமும் ப்ளக் எல்லாம் வெளிய, சுவிட்ச் எல்லாம் ஆஃப். ரெண்டு பக்கத்து நியூட்ரல் லிங்க்கையும் சப்ளையில இருந்து பிரிச்சு, வீட்டுக்குள்ள போற நியூட்ரல் ரெண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டரை வெச்சுப் பாக்கோணும். பீப் அடிச்சா எங்கயோ சேர்ந்திருக்குதுன்னு அர்த்தம். நடுவுல இருக்கற பெட்டியைப் பிரிச்சு எந்தப் பக்கம் பீப்னு பாத்தா பாதி வீடு கழிஞ்சுது. இப்படியே பாதி பாதியாக் குறைச்சுட்டு போனா முறுக்கு கெடைச்சுரும்.

சோதனையும் ஒயர் சேக்கறதும் லைசென்ஸ் இருக்கற ஒயர்மேன் கையாலதான். கூலி மிச்சம் புடிக்கற எடம் வேற: செவுத்துல ஒரு இன்ச் ஆழத்துக்குக் காடி வெட்டறது, 20 மிமீ பைப் பதிக்கறது, திரும்பப் பூசறது. ஒயர்மேன் சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுத்துட்டா இதெல்லாம் வீட்டு ஆளுங்களே பண்ணிக்கலாம். லைட்டுக்கு 1.5, 16 ஆம்பியர் ப்ளக்குக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மிமீ ஒயர். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல்.

பொள்ளாச்சி

அவிநாசிக்காரர் சொன்ன காடி வெட்டும் வேலையில்தான் இங்கே ஒரு வீட்டின் பொதுச் சுவர் வெளிவந்தது. உளியை வைத்த இடத்திலிருந்து மூன்று அடி அகலத்துக்கு சிமெண்ட் பூச்சு பலகைபோலக் கழன்று விழுந்தது. அதன் பின்புறம் முழுக்க வெள்ளை உப்பு. உள்ளே இருந்த பழைய சுண்ணாம்புக் காரை நனைந்த வெல்லம்போல விரலோடு வந்தது.

பழைய சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசி, மேலே பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லை. பின்னாளில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டி ஒரு குளியலறையும் கட்டியிருந்தார்கள். ஓதம் அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் பூத்தது. இந்தப் பக்கம் எத்தனை முறை பூசினாலும் நிற்காது.

முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். குளியலறைத் தரை மூலையும் நானி ட்ராப்பைச் (தரைத் தண்ணீர் வடியும் குழி) சுற்றிய இடமும்தான் பெரும்பாலும் குற்றவாளி. பிறகு ஓதக் கோட்டுக்கு மேல் இரண்டு அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்கை முக்கால் இன்ச் தோண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பூசுவது சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. 100 சதுர அடிக்கு 12 மிமீ கனத்தில் சலித்த மணல் 5 கன அடி, நீத்த சுண்ணாம்பு ஒன்றே முக்கால் கன அடி.

சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது தண்ணீரில் கல்லைப் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் போகும். கண்ணாடி, கையுறை கட்டாயம். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்பு டிரம் வேண்டும். இரண்டு வாரம் மேலே தண்ணீர் நிற்கும்படி ஊறட்டும். கலவைக்கு நல்ல தண்ணீர்தான். போர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் கொத்தி எடுத்த உப்பை நாமே திரும்பக் கொண்டுபோய் வைக்கிறோம். பங்குனி, சித்திரை வெயிலில் பூசினால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும், இல்லையென்றால் மயிர்க்கோடு விழும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள்.

கரூர்

பொள்ளாச்சி அண்ணா சொல்றது செவுத்துக்குச் சரி, குடும்பத்துக்குச் சரியா வராதுங்க. 14 இன்ச் செவுரு முழுசாக் காயறதுக்கு மாசக்கணக்கு ஆகும். வாடகை 6,000 வர்ற போர்ஷன் ஒரு நாள் பூட்டிக் கெடந்தா 200 ரூபாய் போச்சு. சொந்தக் கையில பண்ணறோம்னு சனி ஞாயிறு மட்டும் வேலை பாத்து ரெண்டு மாசம் இழுத்தா 12,000. அந்தப் பணத்துல பெயிண்டர் கூலியே அடங்கிரும்.

அதனால எந்த வேலை சொந்தக் கை, எது கூலிக்குன்னு பிரிக்கறதுக்கு ஒரே கேள்வி: அந்த வேலை முடியாம குடி வைக்க முடியுமா? கக்கூஸ், ஒயரிங், கூரை முடியாம முடியாது. அதுக்கெல்லாம் ஆளை உட்டு வேகமா முடிக்கோணும். கதவு சுரண்டறது, ஜன்னல் கம்பிக்குத் துரு எடுத்து ரெட் ஆக்சைடு அடிக்கறது, வாசல்ல கல்லுப் பதிக்கறது எல்லாம் ஆள் குடியிருக்கும்போதே அவங்களைக் கேட்டுட்டு மெதுவாப் பண்ணலாம். ஓதச் செவுத்தையும் கொத்திச் செங்கல் தெரிய உட்டுட்டு, அதுல இருந்து ஆறு இன்ச் தள்ளி பீரோவைப் போட்டுக் குடி வைக்கலாம். காத்து பட்டாத்தான் காயும். வர்ற ஆளுகிட்ட முன்னாடியே சொல்லிருங்க, வாடகையில கொஞ்சம் கொறைச்சும் குடுங்க.

ஒரே சமயத்துல ரெண்டு பக்கத்தையும் ஒடைக்கவே கூடாது. காலிப் பக்கத்துல முதல்ல கக்கூஸையும் சமையல் மேடையையும் முடிச்சு, குடும்பம் அங்க மாறினப்புறம் இந்தப் பக்கத்துல கடப்பாறை எடுக்கோணும். மீட்டர் ரெண்டும் ரெண்டு குடும்பத்துக்கும் தனித்தனியாவே இருக்கட்டும். இலவச யூனிட் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் தனியா உண்டு.

வாடகைக்காரங்க உள்ள இருக்கும்போதே வேலை பாக்கறவங்களுக்கும் ஒண்ணு. 2017-ல போட்டு 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கொழா வாஷர், சுவிட்ச், ப்ளக் மாதிரி சில்லறை வேலைக குடியிருக்கறவங்க பொறுப்பு. ரிப்பேர் பண்ணுனேன்னு வாடகையை ஏத்த முடியாது. புதுசா ஒரு வசதி சேர்த்தா, எவ்வளவு ஏத்தறதுன்னு வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஒத்துக்கோணும். வாய்ப்பேச்சு போதாதுங்க, எழுதி வெச்சுக்கோங்க.

பொள்ளாச்சி

கரூர் தம்பி, பீரோ வைக்கும் யோசனை நல்லது. ஆனால் தண்ணீர் வழியை அடைக்காமல் குடி வைத்தால் மூன்றாம் மாதம் அவர்களே காலி செய்வார்கள். அந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்.

கோபி

கூரையைப் பத்தி யாரும் சொல்லலைங்களே. தம்பி பக்கம் தார்சு (கான்கிரீட் கூரை), அண்ணன் பக்கம் ஓடு. ரெண்டும் சேர்ற எடத்துல அரை அடி கனத்துக்கு சிமெண்டை அப்பி வெச்சிருந்தாங்க. ஐப்பசி மழையில அண்ணன் வீட்டுல, செவுத்துல இருந்து நாலடி தள்ளி, தொட்டிலுக்கு நேரா மேல சொட்டுது. அந்த எடத்து ஓட்டை மூணு தடவை மாத்தியும் நிக்கலை.

ஒழுகற எடம் அது இல்லைங்க. மரச்சட்டம் வெயிலுக்கும் மழைக்கும் அசையும், கான்கிரீட் அதோட அசையாது. நடுவுல இருக்கற சிமெண்ட் வெடிச்சுருது. தண்ணி அந்த வெடிப்புல எறங்கி ரீப்பர் (ஓட்டைத் தாங்கற மரப்பட்டை) மேலயே ஓடி, ஆணி தலை தட்டற எடத்துல சொட்டும். டார்ச் அடிச்சு ரீப்பர்ல கருப்புக் கோடு எங்க இருந்து வருதுன்னு பின்னாடியே போய்ப் பாத்தா தெரியும்.

அப்பின சிமெண்டை முழுசா எடுத்துருங்க. தார்சுச் செவுத்துல ஓட்டுக்கு மேல ஆறு இன்ச் ஒசரத்துல, ஒரு இன்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, 24 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகட்டோட மேல் ஓரத்தை மடிச்சு அதுக்குள்ள சொருகி, காடியை மட்டும் பூசோணும். தகட்டோட கீழ்ப் பக்கம் ஓட்டு மேல ஆறு எட்டு இன்ச் சும்மா படுத்திருக்கோணும், ஓட்டோட ஒட்டக் கூடாது. தகடும் தகடும் சேர்ற எடத்துல ஆறு இன்ச் மேல ஏறியிருக்கட்டும்.

சீமை ஓடு 100 சதுர அடிக்கு 150 கணக்கு. பழைய ஓட்டை எறியாதீங்க. வெரல்ல சுண்டினா கணீர்னு கேட்டா நல்ல ஓடு, மொட்டையாக் கேட்டா கீறல். பாசியைத் தேங்காநார் போட்டுத் தேய்ச்சுக் கழுவறது முழுக்க வீட்டு வேலைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற ஆடிக்காத்து மேக்கால ஓரத்தைத்தான் மொதல்ல தூக்கும். அந்த ஓரத்து ரெண்டு வரிசை ஓட்டுக்கும் அடியில இருக்கற ஓட்டையில கம்பி போட்டு ரீப்பரோட கட்டிருங்க. மேல ஏறி வேலை பாக்கறதை மட்டும் ஓடு மேயற ஆளுகிட்ட உட்ருங்க. சட்டம் உளுத்திருந்தா கால் வெச்சதும் எறங்கிரும்.

ஊத்துக்குளி

பைப்பையும் சேத்துக்கோங்க. பக்கத்து வீட்டுல கொழா தொறந்தா இங்க ஷவர் நிக்குதுன்னு மோட்டரை மாத்தினாங்க. அரை இன்ச் ஜிஐ பைப்பை அறுத்துப் பாத்தா உப்புப் படிஞ்சு பென்சில் போற அளவுகூட ஓட்டை இல்லை. டேங்க்ல இருந்து ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா ஒரு இன்ச் யுபிவிசி பிளாஸ்டிக் பைப் எறக்கி, தனித்தனி வால்வு. சுடுதண்ணி லைனுக்கு மட்டும் சிபிவிசி. வால்வு ரெண்டும் மாடியில வேண்டாம், வாசல்ல கை எட்டற ஒசரத்துல. ராத்திரி பைப் வெடிச்சா பக்கத்து வீட்டுக்காரங்களும் ஓடி வந்து மூடற மாதிரி இருக்கோணும்.

அவிநாசி

கோபி அண்ணா, அந்தத் தகடு போடற எடத்துல டிவி கேபிளும் மெயின் சர்வீஸ் ஒயரும் உரசிட்டு இருக்கும், பாத்துக்கோங்க. உரசி ஒயர் தோல் உரிஞ்சா ஜிஐ தகட்டுல இருந்து ஈர ரீப்பர், ரீப்பர்ல இருந்து செவுருன்னு கரண்டு எறங்கும். சர்வீஸ் ஒயரை ஒரு அடி ஒசத்தி, பைப்புக்குள்ள உட்டதுக்கப்புறம் தகடு மாட்டச் சொல்லுங்க.