மூன்றாம் காலத்தில் கை ஓடிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

திருகோணமலை உவர்மலையில் சனி, ஞாயிறு பரதநாட்டிய வகுப்பு எடுக்கிறேன். 11 பிள்ளைகள், வயது 11 முதல் 13 வரை, இன்னும் ஐந்து வாரத்தில் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சை. நாட்டடவு என்ற அடிப்படை ஆட்ட அசைவை மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) அழகாக ஆடுகிறார்கள், ஆனால் உட்காரவைத்து, கையில் ஆதி தாளம் போட்டபடி அதற்குரிய சொல்லான 'தெய்யும் தத் தத் தெய்யும் தா'வைச் சொல்லச் சொன்னால் முதலாம் காலம் சரி, இரண்டாம் காலம் ஒருமாதிரி, மூன்றாம் காலத்தில் வாயோடு சேர்ந்து கையும் ஓடிவிடுகிறது. 8 அட்சரம் (எண்ணிக்கை) இருக்க வேண்டிய ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, பாதியிலேயே சிதறிவிடுகிறது.

தட்டுக்கழியால் நானே தட்டிப் பார்த்தேன். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துப் பழக்கினேன், பாதிப் பேர் சொல்ல மற்றவர்கள் தாளம் போடவும் வைத்தேன். அதில் எல்லாம் சரியாக வருகிறது, தனியாக விட்டால் பழையபடிதான். வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியதும் சொல் மனப்பாடமானது, தாளம் வரவில்லை.

"பரீட்சைக்கு வருவதை மட்டும் பழக்குங்கோ டீச்சர்" என்கிறார்கள் சில பெற்றோர். தாளம் கையில் நிற்காத பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சொல் வேகமானாலும் கை ஓடாமல் நிற்க, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?