வார்ம் சவுண்டா, டீடெய்லா? பழைய ஐபாடில் உண்மையில் நடப்பது என்ன

தம்புரா_88:
பழைய ஐபாட் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். 2005, 2006இல் வந்த ஐபாட் வீடியோவைத் தேடிப் பிடியுங்கள். அதில் டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றுவது வுல்ஃப்சன் நிறுவனத்தின் டபிள்யூஎம்8758 சிப். 2007இல் ஐபாட் கிளாசிக் வந்தபோது ஆப்பிள் சிரஸ் லாஜிக் நிறுவனத்தின் சிப்புக்கு மாறிவிட்டது. வீடியோவில் மிருதங்கத்தின் தொப்பி பருமனாக விழும், பாடகர் குரலுக்கு உடம்பு இருக்கும். கிளாசிக்கில் எல்லாம் துல்லியமாகப் பிரிந்து கேட்கும், ஆனால் வறட்சி. அரை மணி நேரத்தில் காது ஓய்ந்துவிடும். டீடெய்லுக்காக இதத்தை (வார்ம் சவுண்டை) இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓம்_விதி:
சிப்பின் பெயரை வைத்து ஒலியை முடிவு செய்ய முடியாது. இயர்போன் மாட்டாமல் அளந்தால் இரண்டுமே கேட்கும் எல்லைக்குள் ஏறக்குறைய நேர்கோடுதான், எந்தச் சுருதியும் கூடாது, குறையாது. மாட்டிய பிறகுதான் வித்தியாசம் தொடங்கும், அதுவும் நீங்கள் சொல்வதற்கு எதிர்த்திசையில். ஐபாட் வீடியோவின் ஹெட்போன் வழியில் கப்ளிங் கப்பாசிட்டர்கள் (நேர்மின்னோட்டத்தைத் தடுத்து ஒலிச் சிக்னலை மட்டும் விடும் உறுப்புகள்) உண்டு. கப்பாசிட்டரும் இயர்போனின் ஓமும் (மின்தடையும்) சேர்ந்தால் தாழ்சுருதியை வெட்டும் ஃபில்டர் ஆகிவிடும். கணக்கு எளிது: 1 ÷ (2 × 3.14 × ஓம் × ஃபாரட்). 100 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 16 ஓம் இயர்போனில் 100 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். 64 ஓம் ஹெட்போனில் அதே இழப்பு 25 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், காதுக்குத் தெரியாது. ஒரே பிளேயரை ஒருவர் மெலிவு என்றும் இன்னொருவர் பருமன் என்றும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தம்புரா_88:
ஹெட்போன் துளையை வைத்துப் பேசுகிறீர்கள். வீடியோவை விரும்பி வாங்குகிறவர்கள் அடியில் உள்ள 30 முள் இணைப்பிலிருந்து லைன் அவுட் எடுத்துத் தனி ஆம்ப்புக்குக் கொடுப்பார்கள். அங்கே உங்கள் கணக்கு செல்லாது. மேலும் வார்ம் என்பது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸ் அல்ல. 150 முதல் 300 வரை கொஞ்சம் நிறைவு, 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தணிவு. அதைத்தான் கேட்கிறோம்.

ஓம்_விதி:
லைன் அவுட்டில் கப்பாசிட்டர் தொல்லை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆம்ப்பின் உள்ளீடு பல ஆயிரம் ஓம் இருக்கும். ஆனால் இப்போது நீங்கள் கேட்பது ஆம்ப்பை! அதன் அவுட்புட் இம்பீடன்ஸை (வெளியீட்டுப் பக்கத் தடையை) பாருங்கள். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (சிறு உலோக நாக்கு அதிரும் வகை) ஐஇஎம், அதாவது காதுக்குள் செருகும் இயர்போன், ஒன்று 1 கிலோஹெர்ட்ஸில் 32 ஓம், 5 கிலோஹெர்ட்ஸில் 8 ஓம் என்று வைப்போம். 10 ஓம் அவுட்புட் உள்ள ஆம்ப்பில் மாட்டினால் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதி 4.7 டெசிபல் கீழே போகும். 1 ஓம் ஆம்ப்பில் முக்கால் டெசிபல்தான். நீங்கள் சொன்ன 'தணிவு' அப்படியே வந்துவிட்டது, வுல்ஃப்சன் எதுவும் செய்யவில்லை. மேலே போகப் போக ஓம் ஏறுகிற ஐஇஎம் என்றால் அதே ஆம்ப் கூர்மையாகக் கேட்கும்.

கரைகாணி:
ஓம்_விதி, ஐபாட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பிளேயர் எல்லாமே ஒன்று என்ற முடிவுக்குப் போகாதீர்கள். ஆர்-2ஆர் பிளேயர்களில் (மின்தடை ஏணியால் டிஜிட்டலை ஒலியாக்குபவை) ஓவர்சாம்ப்ளிங்கை, அதாவது இடையிடையே கூடுதல் சாம்பிள்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பதை, நிறுத்தும் வசதி உண்டு. அதில் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு போட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் 0.75 டெசிபலும் 20இல் 3.2 டெசிபலும் குறையும். கணிதப்படி வரும் சரிவு அது, கற்பனை அல்ல. கோர்க் நிறுவனத்தின் நியூட்யூப் என்ற சிறு வெற்றிடக் குழாய் வைத்த பிளேயர்களும் இருக்கின்றன. அவற்றில் இரண்டாம் ஹார்மானிக் (மூலச் சுருதியின் இரு மடங்கு அதிர்வெண்ணில் சேரும் ஒலி) வேண்டுமென்றே மிச்சம் விடப்படுகிறது. இதமான ஒலியைத் திட்டமிட்டே கட்டுகிறார்கள்.

ஓம்_விதி:
மறுக்கவே இல்லை, அளந்தால் தெரிகிற வித்தியாசம் அது. என் வாதம், அதற்காகப் பெரும் பணம் கொடுக்க வேண்டாம் என்பது. வீடியோவில் ஆப்பிள் மென்பொருளுக்கு மாற்றான ராக்பாக்ஸ் போட்டு ஈக்யூவைத் திறந்து 200 ஹெர்ட்ஸ் லோ ஷெல்ஃபில் (அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும் உயர்த்தும் ஃபில்டர்) +2 டெசிபல், 4 கிலோஹெர்ட்ஸில் க்யூ (ஃபில்டரின் அகலத்தைத் தீர்மானிக்கும் எண்) 1 வைத்து −1.5 கொடுங்கள். ப்ரீகட்டை (ஈக்யூவுக்கு முன் மொத்த ஒலியைத் தாழ்த்தும் அளவு) 2 டெசிபலுக்குக் குறைவில்லாமல் வையுங்கள். அதை மறந்தால் உரத்த இடங்களில் கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்), அந்தக் கரகரப்பைச் சிப்பின் குறை என்று நினைத்துவிடுவீர்கள். டீடெய்ல் வேண்டுமா? ஷெல்ஃபைச் சுழியாக்கி 6 கிலோஹெர்ட்ஸில் +1.5 போதும்.

தம்புரா_88:
ஈக்யூவால் ஹிஸ்ஸை (பிளேயரின் பின்னணி இரைச்சலை) குறைக்க முடியாது. கூர் உணர்வுள்ள ஐஇஎம்மில் தம்புராவின் ஒலி தேய்ந்து அடங்கும் இடத்தை அந்த இரைச்சல்தான் விழுங்குகிறது. டீடெய்ல் பெரும்பாலும் தொலைவது அங்கே. அதற்கு நல்ல பிளேயர் வாங்கத்தான் வேண்டும்.

ஓம்_விதி:
அந்த இடத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். கால் டெசிபல் கூடுதலாக இருப்பதே 'அதிக டீடெய்ல்' என்று தோன்றிவிடும். 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்ப்ளிட்டரில் இயர்போனையும் மாட்டிவைத்து, மல்டிமீட்டரின் ஏசி மில்லிவோல்ட்டில் பாருங்கள். மலிவான மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் குறைத்துக் காட்டக்கூடும், அதனால்தான் 400. ஒன்று 100 மில்லிவோல்ட் என்றால் மற்றது 99க்கும் 101க்கும் இடையில் இருக்க வேண்டும். ஐபாடின் வால்யூம் படிகள் இதற்குப் பெரியவை. ராக்பாக்ஸ் ப்ரீகட்டை நுட்பமாக நகர்த்தினால் ஈடுகட்டலாம்.

கரைகாணி:
இயர்டிப்பையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீல் கொஞ்சம் விலகினாலே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பல டெசிபல் காணாமல் போகும். இங்கே பேசும் எல்லா வித்தியாசத்தையும்விட அது பெரிது.

தம்புரா_88:
அளந்து சமப்படுத்துவது சரி, செய்யலாம். ஆனால் பத்து நொடிக்கு ஒரு முறை மாற்றி மாற்றிக் கேட்பதில் களைப்பு தெரியாது. என் வாதமே களைப்பைப் பற்றியது. ஒரு முழுக் கச்சேரியை எந்தப் பிளேயர் என்று தெரியாமல் கேட்க வேண்டும், மறுநாள் மற்றதில். வேறொருவர் கருவியை உறைக்குள் வைத்து ஒயரை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். அப்போதும் கிளாசிக்கை இடையில் நிறுத்திவிட்டு எழுந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஓம்_விதி:
அதே சோதனையில் மூன்றாவது நாளாக, ஷெல்ஃப் +2 போட்ட கிளாசிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.