பழைய செல்மர் மவுத்பீஸ் வாங்கிவிட்டேன், இது ஒரிஜினல்தானா?

குமரி ஆல்டோ:
போன மாதம் என் ஆல்டோ சாக்ஸபோனுக்கு செல்மர் கம்பெனியின் எஸ்80 சி ஸ்டார் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) ஒன்று, பழையதுதான், 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டி, மூடி எல்லாம் இருந்தது, எழுத்தில் தங்க நிறம் பளிச்சென்று இருந்தது, அதனால் மேற்கொண்டு எதையும் கிளறவில்லை. சர்ச்சில் இரண்டு ஞாயிறு வாசித்தேன். நடுவில் பரவாயில்லை, கீழே பி ஃபிளாட் பக்கம் போனால் எந்த ரீட் (மவுத்பீஸில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை) போட்டாலும் கத்துகிறது. என் பழைய யமஹா 4சி மவுத்பீஸே போதும் என்று இதை விற்க விளம்பரம் போட்டால், முதலில் பேசியவரே "டூப்ளிகேட் மாதிரி இருக்கே" என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார்கள்? டூப்ளிகேட் என்றால் நான் இதை என்ன செய்வது?

பித்தளை மாமா:
தம்பி, பெட்டியையும் தங்க எழுத்தையும் விடுங்கள், காப்பியடிக்க அதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. சாக்ஸின் கழுத்துக் குழாயில் உள்ள கார்க்கில் சொருகும் பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எஸ்80-யில் அந்த வட்டத் துளை உள்ளே போய்ச் சேம்பரில், அதாவது உள்ளறையில், திறக்கிற இடம் சதுரமாக இருக்கும். அங்கே வட்டமாக இருந்தால் அது எஸ்80 இல்லை, பேச்சே கிடையாது. ஆனால் சதுரமாக இருப்பதாலேயே ஒரிஜினல் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து, கட்டை விரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஒரிஜினல் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், தேய்த்தால் லேசாகக் கந்தக வாடை வரும். பிளாஸ்டிக்கில் அது வராது. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், ஒரிஜினலாக இருந்தால் அதோடு போச்சு.

டெனர்வாசி:
நானும் பட்டவன்தான். ஓட்டோ லிங்க் கம்பெனி மெட்டல் மவுத்பீஸ், டெனர் சாக்ஸுக்கு, பக்கத்தில் 7 ஸ்டார் என்று இருந்தது. 7 ஸ்டார் என்றால் டிப் திறப்பு, அதாவது முனைக்கும் ரீட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 105 பங்கு இருக்க வேண்டும், அளந்தால் 85, அது 5 ஸ்டார் அளவு. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஒரிஜினல் என்று சந்தோஷப்பட்டேன். பித்தளையில் காந்தம் எங்கே ஒட்டும், அசலானாலும் போலியானாலும்!

பாளை பட்டறை:
திறப்பு மாறியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது, டெனர்வாசி அண்ணே. ரீஃபேஸ் செய்த, அதாவது ரீட் படும் முகத்தை மறுபடி இழைத்த, பழைய பீஸ்கள் நிறைய சுற்றுகின்றன, முத்திரையில் ஒரு எண், நிஜத்தில் வேறு அளவு. நான் பார்ப்பது ரெயில்களை, அதாவது ரீட் படிகிற விளிம்புகளை. ரீட்டை எடுத்துவிட்டு முனையிலிருந்து நேராகப் பாருங்கள், இரண்டு பக்க ரெயிலும் ஒரே தடிமனா, முனையில் ரெயில் ஒரே சீராக ஓடுகிறதா. என் பட்டறைக்கு வந்த போலிகளில் ஒன்று கனமாக, இன்னொன்று நூலாக இருக்கும், அச்சில் வார்த்த கோடு உள்ளே தெரியும். ரீட் உட்காரும் பரப்பைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் ஆடும். குமரி ஆல்டோ சொல்கிற அந்தக் கீழ் சுரம் கத்துவது இதனாலும் இருக்கலாம், சாக்ஸில் எங்காவது துளையை மூடும் பேட் கசிவதாலும் இருக்கலாம், முதலில் 4சி-யில் அதே சுரத்தை வாசித்துப் பாருங்கள். இன்னொன்று, பழைய எபோனைட் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுக்கு போகட்டும் என்று சுடுதண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கறுப்பாக இருந்ததும் பழுப்பாகிவிடும். விற்கிறவர்கள் டிப், ரெயில், உள் துளை மூன்றையும் படமெடுத்துப் போட்டால் பாதிச் சண்டை குறையும். பெட்டி படத்தை மட்டும் நாலு போடுகிறார்கள்.

குமரி ஆல்டோ:
டார்ச் அடித்துப் பார்த்தேன். வட்டம். அப்பட்டமான வட்டம். கை வலிக்கத் தேய்த்தும் வாடை இல்லை. 4சி-யில் கீழ் பி ஃபிளாட் சுத்தமாக வருகிறது. கொடுத்தவரைக் கூப்பிட்டால் "எனக்கும் இப்படித்தாங்க வந்துச்சு" என்கிறார். விளம்பரத்தை எடுத்துவிட்டேன். "டூப்ளிகேட்" என்று உண்மையைச் சொல்லியே 500 ரூபாய்க்குக் கொடுத்துவிடலாமா?

பித்தளை மாமா:
வேண்டாம் தம்பி. உங்களிடம் வாங்குகிறவர் நல்லவராக இருக்கலாம், அந்த எழுத்து இருக்கும்வரை அவருக்கு அடுத்த ஆள் அதைச் செல்மர் என்றுதான் விற்பார். உங்களிடம் வந்ததும் அப்படித்தானே.

குமரி ஆல்டோ:
சரி மாமா. எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டேன், அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது சர்ச் பையன்கள் கார்க்கில் சொருகிப் பழக ஒன்று இருக்கிறது.