பயர்பாக்ஸ்: எழுதாத செட்டிங் மாறுகிறது, எழுதியதை நீக்கினாலும் போகவில்லை

கேள்வி:
வணக்கம். பல கணினிகளில் ஒரே மாதிரி பயர்பாக்ஸ் நிறுவ வேண்டும். சிஎஃப்ஜி கோப்பில் (பயர்பாக்ஸ் திறக்கும்போது படிக்கும் செட்டிங் கோப்பு) முகப்புப் பக்கம், பிராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) இரண்டையும் ப்ரெஃப் கட்டளையால் கொடுத்திருக்கிறேன். மாதிரிக்குக் கிடைத்த பாலிசீஸ் டாட் ஜேசன் கோப்பையும் (நிர்வாகி விதிக்கும் பாலிசிகள், அதாவது கட்டுப்பாடுகள், உள்ள கோப்பு) டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். முகப்புப் பக்கம் மாறவே இல்லை. பயனர் பிராக்ஸியை மாற்றினால், பிரவுசரை மூடித் திறந்ததும் நாங்கள் கொடுத்ததே வந்துவிடுகிறது. அந்த வரியை எடுத்த பிறகும் அதே பிராக்ஸிதான். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதும் நின்றுவிட்டது. அதை நான் எங்குமே எழுதவில்லை.

பதில் 1:
முகப்புப் பக்கம் கோப்பின் முதல் வரியில் இருக்கிறதா பாருங்கள். சிஎஃப்ஜி கோப்பின் முதல் வரியை பயர்பாக்ஸ் எப்போதும் விட்டுவிடும். அங்கே இரண்டு சாய்கோடு போட்டு ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்கள்.

பிராக்ஸிக்குக் காரணம் ப்ரெஃப் கட்டளை. அது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பயனரே தேர்ந்தெடுத்தது போல மதிப்பை எழுதும். அது புரொஃபைலில் (பயனரின் செட்டிங்குகள் சேமிக்கப்படும் ஃபோல்டர்) உள்ள ப்ரெஃப்ஸ் டாட் ஜேஎஸ் கோப்பில் பதிந்துவிடும். அதனால்தான் வரியை நீக்கியும் போகவில்லை. டிஃபால்ட்ப்ரெஃப் போட்டால் தொடக்க மதிப்பு மட்டும் மாறும், பயனர் மாற்றியது நிலைக்கும். லாக்ப்ரெஃப் போட்டால் யாராலும் மாற்ற முடியாது. பலருக்கும் வேண்டியது டிஃபால்ட்ப்ரெஃப்தான். பழக்கத்தில் ப்ரெஃப் என்று எழுதிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பதிந்ததைத் துடைக்க, நெட்வொர்க் டாட் பிராக்ஸி டாட் டைப் என்ற பெயருக்கு கிளியர்ப்ரெஃப் வரி சேருங்கள். மதிப்பு 1 என்பது கைமுறை பிராக்ஸி. துடைத்தால் 5, அதாவது சிஸ்டம் பிராக்ஸிக்குத் திரும்பும். எல்லாப் புரொஃபைல்களும் ஒருமுறை திறந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பயனர் புதிதாக வைப்பதும் தினமும் அழியும்.

பதில் 2:
பாஸ்வேர்டு விஷயம் மாதிரிக் கோப்பிலிருந்து வந்திருக்கும். முகவரிப் பட்டியில் அபவுட்:பாலிசீஸ் என்று அடித்தால் இப்போது செயல்படும் பாலிசிகள் எல்லாம் தெரியும். ஆஃபர்டுசேவ்லாகின்ஸ் (பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்க வைப்பது) ஃபால்ஸ் என்று இருந்தால் அதுதான். விண்டோஸில் குரூப் பாலிசி (நிர்வாகி பல கணினிகளுக்கு ஒன்றாக விதிக்கும் செட்டிங்) வழியாகவும் வரலாம், அங்கேயும் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே வைக்காதீர்கள். காலிக் கோப்பில் தொடங்கி உங்களுக்கு வேண்டிய பாலிசியை மட்டும் சேருங்கள்.

கேட்டவர்:
அதே வரிதான். கோப்பின் கடைசிப் பாலிசி அது. நீக்கிவிட்டுத் திறந்தால் மற்ற பாலிசிகளும் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

பதில் 2:
அதற்கு முந்தைய வரியின் முடிவில் காற்புள்ளி மிஞ்சியிருக்கும். ஜேசனில் கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி வந்தால் முழுக் கோப்பும் செல்லாது. அபவுட்:பாலிசீஸ் பக்கத்தில் எரர்ஸ் பகுதியில் காட்டும். திருத்திய பிறகு பிரவுசரை முழுவதும் மூடித் திறங்கள், பாலிசி தொடக்கத்தில் மட்டுமே படிக்கப்படும். பிறகு அபவுட்:புரொஃபைல்ஸில் ஒரு புதிய புரொஃபைல் உருவாக்கிச் சோதியுங்கள். அங்கேயும் வேண்டாத செட்டிங் வந்தால் குறை சிஎஃப்ஜியிலோ பாலிசியிலோ. பழையதில் மட்டும் வந்தால் ப்ரெஃப்ஸ் டாட் ஜேஎஸ்ஸில் தங்கிய மிச்சம்.